நூறு சதவீதம் புரிந்தவள்

1

இந்தக் கதை தானாக ஊறியதில்லை, கேட்டு வாங்கியது. ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு, டேப்லெட் வந்த பிறகு மாணவர்களின் புரிதல் எப்படி உயர்ந்தது என்று நான் ஒரு கதை தர வேண்டுமாம். உயர்ந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. எப்படி என்றுதான் கேட்டார்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி வைத்தேன்.

2

'திரையைத் தொட்டதும் அவள் முகம் பிரகாசமாகி–'

(அடித்துவிட்டேன். திரை வெளிச்சம் பட்டால் யார் முகமும் பிரகாசிக்கும்.)

'கணக்கு என்றாலே நடுங்கிய அந்தப் பெண்–'

(இதுவும் வேண்டாம். அவள் நடுங்கியதே இல்லை. அதுதான் சிக்கல்.)

சரி, இன்று மதியம் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் போனில் சொன்னதையே எழுதுகிறேன்.

3

ஏழாம் வகுப்புப் பெண். டேப்லெட்டில் உள்ள கணக்குச் செயலியில் எல்லாப் பாடத்திலும் நூறு சதவீதம் எடுத்ததால் பள்ளியே அவளை 'நூறு' என்று கூப்பிட்டது. டீச்சரின் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே எப்போதும் பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு கேள்வி எதற்கு என்று டீச்சரும் ஏழு மாதமாகச் சாக்பீஸைத் தொடவில்லை.*

(* அவரே சொன்னது. மலரில் போட வேண்டாம் என்றும் சொன்னார்.)

இன்று காலை நெட் போய்விட்டது. வேறு வழியில்லாமல் டீச்சர் நூறை எழுப்பி, அரையைக் காலால் வகுக்கச் சொன்னார். பலகையில் எட்டில் ஒன்று என்று எழுதினாள். அதை அழித்துவிட்டு ஆறில் ஒன்று என்று எழுதினாள். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன ஆச்சு என்று டீச்சர் கேட்டார்.

"ரெண்டு தப்பு போட்டாச்சு டீச்சர். இனிமே அதுவே காட்டும்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் பாஸாகி வந்தவர்கள். செயலியில் இரண்டு முறை தப்பாக அழுத்தினால் சரியான விடை தானே பச்சையாகும். அதை அழுத்தினால் பாடம் 'முழுமை'. இது தெரியாதவர் டீச்சர் ஒருவர்தான்.

4

(இவள் மக்கோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இல்லவே இல்லை. யாரும் சொல்லித்தராமல் ஒரு மெஷினின் நாடியைப் பிடித்தவள். கணக்கைத்தான் அவளிடம் யாரும் கொடுக்கவில்லை.)

இடைவேளையில் டீச்சர் ஒரு தாளைப் பாதியாக மடித்துக் கொடுத்து, இந்த அரைக்குள் கால் எத்தனை என்று கேட்டார். நூறு இன்னொரு மடிப்பு மடித்து, பிரித்து, விரலால் எண்ணினாள். இரண்டு என்றாள்.

"இவ்வளவுதானா டீச்சர்?" என்றவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

கிண்டலே பிழைப்பாகக் கொண்ட நானும் இந்த இடத்துக்கு எழுதிவைத்த கிண்டலை அடித்துவிட்டேன்.

5

இப்போது நூறு தன் சதவீதத்தைப் பூஜ்யமாக்கிவிடும்படி டீச்சரைக் கேட்கிறாள். முதலிலிருந்து படிக்கிறாளாம். டீச்சருக்கு அது ஒரு பொத்தான் வேலை. ஆனால் அடுத்த வருடச் சிறப்புப் பிரிவுக்கான பட்டியலை இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் எடுக்கிறார்கள், அதுவும் இன்று ஐந்து மணிக்கு. பூஜ்யமானால் இடம் போச்சு. நர்ஸான அவள் அம்மா வார்டு முழுக்க ஏற்கெனவே சொல்லிவிட்டார். விட்டுவைத்தால், இந்தப் பெண் அந்தப் பிரிவில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பாள், தலையில் நூறைச் சுமந்துகொண்டு.

6

மலருக்கு ஏற்ற முடிவு: பொத்தானை அழுத்தியதும் செயலி அவள் நேர்மையை மெச்சித் தங்கப் பதக்கம்– (கை கூசுகிறது.)

கண்ணீர் முடிவு: டீச்சர் வேலையை உதறிவிட்டு மரத்தடியில்– (அவருக்கு நாளை முதல் பீரியட் இருக்கிறது.)

மணி நாலே முக்கால். டீச்சர் மறுபடி கூப்பிட்டார். பள்ளியின் சராசரி விழுந்துவிடும் என்று தலைமை ஆசிரியர் மூன்று முறை வந்து போனாராம். பெண் பக்கத்திலேயே நிற்கிறாளாம்.

"நீங்கதானே எழுதறீங்க, சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்களிடம் விடுகிறேன். பொத்தானை அழுத்துங்கள், அல்லது விடுங்கள். ஆனால் வெறும் விடைக்கு மார்க் கிடையாது. ஏன் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டும்.