நான்கு பியூகிள்கள்

"இத எங்கேருந்துடி தூக்கிட்டு வந்த?"

களையெடுத்துவிட்டு வந்த அம்சம், காலில் இருந்த சேற்றைக்கூடக் கழுவாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே, ஒன்பதாவது படிக்கும் மகள் செம்மொழி ஒரு புது டிரம்மை மடியில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் பேண்டு செட்டும்மா. சுதந்திரப் பொன்விழாவுக்கு. காலனிப் புள்ளைங்க ஆறு பேருக்கும் டிரம்மு. மேலத்தெருப் பசங்க நாலு பேருக்கு ஊதுற பியூகிளு."

"நீ எதக் கேட்ட?"

"பியூகிளுதான் கேட்டேன்" என்றாள் செம்மொழி, தலையைத் தூக்காமல்.

அம்சத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதைவிட மனசு விட்டுப்போனது. அந்த வீட்டுக்குள் தோல் கட்டிய சாமான் நுழைந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாமனார் இருந்தவரை மேலத்தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் பறையடிக்கப் போயாக வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் ஆள் வந்து எழுப்பும். அவர் கண்ணை மூடிய அன்றைக்கே, "இனிமே இந்த வீட்டுல யாரும் அடிக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் கோவிந்தராசு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். பள்ளிக்கூடத்துக்கு பேண்டு செட் வாங்கிக் கொடுத்த மேலத்தெரு துரைராசுவும் அங்கேதான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, தங்குவதும் ஒரே அறை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் டிரம்மை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள் அம்சம். விளையாட்டு ஆசிரியர் சகாயநாதன், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருந்தவர், அவளைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார்.

"அடிக்கிறது கேவலம்னு சொல்லல சார். நீதான் அடிக்கணும்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் ஒத்துக்க மாட்டேங்குது. எம் பொண்ணு ஊதுறேன்னுதான கேட்டுச்சு?"

"கேட்டுச்சும்மா. எண்ணூறு மீட்டர்ல முதல்ல வர்ற புள்ள. அது மூச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் என்ன சார்?"

"வாய் வைக்கிற சாமான். இன்னைக்கு ஒருத்தன் ஊதுனத நாளைக்கு இன்னொருத்தன் ஊதணும். எச்சின்னு மேலத்தெருவுலேருந்து வந்து ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. டிரம்முல அந்தத் தொல்ல இல்ல." அவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். வீட்டுக்காரர்ட்ட சொல்லி சொந்தமா ஒண்ணு வாங்கி அனுப்பச் சொல்லுங்க. யாருக்கும் பேச்சில்ல."

"டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாசு வச்சிருந்தாங்களே, அதும் இந்த யோசனதான் சார். அந்தக் கிளாச நாங்களே வாங்கிட்டு வரணும்னு மட்டும் அவங்க சொல்லல."

சகாயநாதனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஊர் மாதா கோயில் கல்லறையிலும் நடுவே சாதி பிரித்துக் கட்டிய ஒரு சுவர் உண்டு. தன் அப்பாவை அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் புதைத்தார்கள் என்பதை அவர் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு செம்மொழியை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பி, பெட்டியைத் திறந்தார். ஒரே அச்சில் வார்த்த மாதிரி நான்கு பியூகிள்கள்.

"ஒண்ண எடு. ஊது."

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை கன்னம் உப்ப ஊதினாளே, அம்மாடி! மூன்று வகுப்பு ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. சகாயநாதன் அதை வாங்கிப் பெட்டியில் போட்டு, நான்கையும் முன்னும் பின்னுமாக மாற்றி வைத்து மூடினார்.

"எத ஊதுச்சுன்னு கேட்டா என்ன சார் சொல்லுவீங்க?" என்றாள் அம்சம்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. வயசாயிடுச்சு."

பொழுது சாய்வதற்குள் சேதி மேலத்தெருவுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் பையனை பேண்டிலிருந்தே நிறுத்திக்கொண்டார்கள். தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். பெட்டியோடு பரணில் போட்டுவிடலாம்தான். ஆனால் நான்கு பியூகிளும் ஊதுகிற மாதிரி போட்டோ வேண்டும் என்று துரைராசு எழுதியிருக்கிறாரே! காலியான இடத்துக்கு வேறு எந்தப் பிள்ளையும் வரவில்லை. கடைசியில் செம்மொழியையே நிறுத்தினார்கள்.

பதினைந்தாம் தேதி கொடி ஏறியது. துரைராசுவின் மகன் இனியவனும் மற்ற இரண்டு பையன்களும் வீட்டில் சொல்லி அனுப்பியபடி பியூகிளை உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு கன்னத்தை மட்டும் உப்பினார்கள். ஒற்றை பியூகிள் சத்தம் மைதானத்தைத் தாண்டிக் குறுவை வயல்வரைக்கும் போயிற்று. "நாலு புள்ளைங்களும் ஒத்துமையா என்னமா ஊதுதுங்க!" என்று பஞ்சாயத்துத் தலைவர் கை தட்டினார். வேலியோரம் நின்ற அம்சத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏம்மா, நான் தனியாத்தான ஊதுனேன்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள் மகள். அம்சம் தட்டைக் கழுவி எடுத்தாள். சோற்றைப் போட்டு வைத்தாள்.

அதற்கடுத்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மீரா உசேன் கடை போனில் கோவிந்தராசு பேசினான்.

"போட்டோ வந்துச்சு. நம்ம புள்ள நல்லா நிக்கிது."

"அவரு பாத்தாரா?"

"துரைராசா? ரொம்ப நேரம் பாத்தாரு. மவன் வாயில வைக்காம நிக்கிறது பளிச்சுன்னு தெரியிது. ஏன்னு அவருக்குத் தெரியாதா என்ன? கட்டில்ல எம் பக்கத்துல உக்காந்து, எங் கையிலேருந்த பாட்டில வாங்கித் தண்ணி குடிச்சாரு."

"வாய் வச்சா?"

"பின்ன? இங்க எல்லாரும் அப்படித்தான்."

அம்சம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அத ஒரு காயிதத்துல எழுதி ஹெட்மாஸ்டருக்குப் போடச் சொல்லுங்க. ரெண்டு வரி போதும்."



"குடிப்பாரு, அம்சம்" என்றான் கோவிந்தராசு. "எழுத மாட்டாரு."