ஆளுக்கொரு அண்டா

மகளின் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்றிருந்த விஜயலட்சுமிக்குக் காது மட்டும் மண்டபத்தின் பின்கட்டிலேயே இருந்தது. தேங்காய் துருவும் சத்தம், அண்டா இழுபடும் சத்தம், பெங்காலிக்காரி பூர்ணிமா இந்தியில் யாரையோ விரட்டும் சத்தம். தீவில் டாலிகஞ்ச் வட்டாரம் முழுக்கக் கல்யாணச் சமையல் செய்து பேரெடுத்தவள், முதல் தடவையாக அடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள்.

ஆரம்பத்தில் அவளும் அகிலாவும் மட்டும்தான். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி இருவர் கண்ணும் ஒன்றுபோலச் சிவந்திருக்கும். ஒருத்தி புளி கரைத்தால் இன்னொருத்தி கேட்காமலே தாளிப்பாள். பந்தி முடிந்ததும் மீந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, சாப்பிட வந்தவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அப்புறம் அகிலாவின் வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி மேன்லேண்டுக்கு மாற்றல் வந்தது. கப்பல் நகர்ந்தபோதுகூட அவள் மேல்தளத்தில் நின்று, சாம்பார் கிண்டுவதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினாள். துறைமேடையில் நின்ற விஜயலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். யாரும் அகிலா ஆகவில்லை. ஆவதற்கு இவள் விடவும் இல்லை. இவள் வாயில் படாமல் எந்த அண்டாவும் இறங்காது. மகள் கார்த்திகாவின் பள்ளி விழாக்களுக்கெல்லாம் அப்பா கணபதிதான் போனார். அவள் பட்டம் வாங்கிய அன்று இவள் யார் வீட்டு விருந்துக்கோ வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் ஒரு விருந்தில் சாம்பார் கரித்துவிட்டது. இவள் சிலிண்டர் விஷயமாகப் போனில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் உதவிக்கு நின்ற சுபிதாவும் உப்புப் போட்டிருக்கிறாள், பூர்ணிமாவும் போட்டிருக்கிறாள். விசாரித்தால், "அவ போட்டது எனக்கென்னக்கா தெரியும்" என்று இரண்டு பேரும் ஒரே பாட்டு. யாருடைய சாம்பார் அது என்று யோசித்தபோதுதான், அது யாருடையதாகவும் இருக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

கல்யாணம் நிச்சயமானதும் கார்த்திகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தாலி கட்டுறப்ப நீ என் பக்கத்துல நிக்கணும்மா. மத்ததெல்லாம் எப்படி வேணா நடக்கட்டும்."

ஆகவே ஆளுக்கொரு அண்டா என்று பிரித்துக் கொடுத்தாள். "சாம்பார் பூர்ணிமாவோடது. பாயசம் சுபிதாவோடது. உப்பு, இனிப்பு, தீ எல்லாம் உங்க பாடு. கெட்டுப்போனா யாருன்னு நான் தேட மாட்டேன். நீங்களே வந்து சொல்லணும்."

"சொன்னா ஏசுவீங்களாக்கா?" என்றாள் சுபிதா. அவள் குடும்பம் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தது.

"ஏசுவேன். ஆனா கரண்டியைப் பிடுங்க மாட்டேன்."

"தேக்கேங்கே, திதி," பார்க்கலாம் அக்கா என்று பூர்ணிமா நம்பாமல் சிரித்தாள்.

இப்போது ஐயர் தாலியைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பினார். தட்டு முதல் வரிசையைக் கடப்பதற்குள் பால் தீய்ந்த வாடை வந்தது. விஜயலட்சுமியின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்கட்டுக்கு நடந்தன.

வாசலிலேயே சுபிதா எதிர்ப்பட்டாள்.

"உங்ககிட்ட வரத்தான் கிளம்புனேன். பாயசம் அடிப்பிடிச்சிட்டுக்கா. நான்தான். அம்மை போன் பண்ணிச்சு, பேசிக்கிட்டே நின்னுட்டேன்."

நான்தான். இந்தச் சமையல்கட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. அகிலாவும் இப்படித்தான். எதையாவது தீய்த்துவிட்டால், இவள் மூக்குக்கு வாடை எட்டும் முன்பே, "நான்தான்டி, திட்டிக்கோ" என்று வந்து நிற்பாள். திட்டத் தோன்றாது. அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் இருவருக்கும் தோன்றும்.

ஆனாலும் விஜயலட்சுமியின் கை சுபிதாவிடமிருந்த கரண்டிக்கு நீண்டது. சுபிதா அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ரவை வறுபடுது. கேசரி கிண்டிருவேன். பந்திக்கு முந்தி ஆயிரும்."

"நெய்..."

"இருக்கு."

"முந்திரி..."

"பிள்ளைக்குத் தாலி கெட்டப் போறாவ. நீங்க இங்க முந்திரி கேட்டுட்டு நிக்கியளே."

உள்ளேயிருந்து பூர்ணிமா, "ஜாவ் திதி, ஜாவ். சாம்பார் டீக் ஹை," என்று இவளைப் போகச் சொல்லி, சாம்பார் சரியாக இருப்பதாகக் குரல் கொடுத்தாள்.

ரவைச் சட்டிக்கு அடியில் தீ கொஞ்சம் அதிகம். விஜயலட்சுமி அதைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

தட்டு மேடைக்குத் திரும்பியிருந்தது. கார்த்திகா குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"என்னம்மா தீயுது?"

"பாயசம்."

"அப்ப நீ போகலையா?"

"சுபிதா பாத்துக்குவா."

கார்த்திகா தலையைத் திருப்பி அம்மாவை ஒருமுறை பார்த்தாள். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியை எடுக்கும்போது அவள் கை மாலைக்கு அடியில் நகர்ந்து வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மூன்று முடிச்சும் விழும்வரை விடவில்லை.