சத்தம் போடக் கூடாத இடம்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பது என் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம் திருச்சி டாக்டர், கொஞ்சமாவது கேட்கிற என் இடது காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "மெல்லிசான சத்தமெல்லாம் போயிடுச்சு, அங்கமுத்து. மிச்சமும் போயிடும். கேக்கணும்னு ஏதாவது ஆசையிருந்தா இப்பவே கேட்டுக்குங்க."

ஆசை ஒன்று இருந்தது. மழைக்காட்டு ஓடைக்கரையில், விடியும் நேரத்தில், மனிதனைப் போலவே விசிலடிக்கும் ஒரு கருநீலக் குருவியைப் பற்றி நூலகத்து வார இதழில் படித்திருந்தேன். பல வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை. திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் சொன்னேன்.

"போய்க் கேட்டுட்டு வந்துடுவோம்!" என்று அம்சவள்ளி என் காதில் கத்தினாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "விசிலுன்னா நானே அடிப்பேங்க. உடையார்பாளையத்துல முந்திரிக்காட்டுல ஆடு மேய்க்கிறப்ப அடிச்சதுதான். பொம்பளப் புள்ளைக்கு என்னடி விசிலுன்னு எங்கம்மா வெளக்கமாத்த எடுத்தாங்க. அதோட போச்சு."

ஆவணியில் ஆனைமலைக் காட்டு முகாமில் இரண்டு இரவு தங்க அனுமதி கிடைத்தது. போய் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்சவள்ளியின் கையில் ஊரிலிருந்து சுமந்து வந்த தண்ணீர் கேன். முகாம் காவலர் சின்னதுரை அதையே பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, இந்த ஊருக்குத் தண்ணி கொண்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

"எங்கூருக் கெணத்த வந்து பாத்தீங்கன்னா சிரிக்க மாட்டீங்க," என்றாள்.

மறுநாள் விடியுமுன், அட்டை ஏறாமலிருக்க சின்னதுரை எங்கள் கால்களில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவினார். இங்கேயும் சுண்ணாம்பு என்னை விடவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அம்சவள்ளி என் காதில், "கேக்குதாங்க?" என்று கத்தினாள். பாறையிலிருந்து ஏதோ கருப்பாகப் பறந்து போனது.

சின்னதுரைக்குக் கோபம். "சந்தைல நிக்கற மாதிரி சத்தம் போட்டா குருவி நிக்குமுங்களா? நாளைக்குப் பேசாம வர்றதுன்னா வாங்க."

கத்தாமல் எங்களுக்குப் பேச்சு கிடையாது. அன்று முழுவதும் மழையைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் பேசாமல் இருந்தோம். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மிச்சமிருப்பது ஒரே ஒரு காலை என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அந்தக் காலையும் வந்தது. வெளிச்சம் மெல்லப் பரவியபோது அம்சவள்ளியின் கை என் கையை இறுக்கியது. சின்னதுரை தலையை நிமிர்த்தினார். எதிர்ப் பாறையில் குருவி. அதன் தொண்டை துடிப்பதைப் பார்த்தேன். ஓடையின் கனத்த இரைச்சல் மட்டும் கேட்டது. கண்ணை மூடினேன். திறந்தேன். குருவி பாடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. அவளைப் பார்த்து, கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.

அவள் நகர்ந்து என் இடப்பக்கம் வந்தாள். முந்தானையை எடுத்து என் தலையையும் தன் தலையையும் சேர்த்து மூடினாள். காதில் உதடு பட்டது. மூச்சு சுட்டது. பிறகு, இழையளவு மெல்லிசாக, ஒரு விசில். மேலே ஏறி, நின்று, மெட்டை மறந்துவிட்டவன் போல எங்கோ அலைந்து, திரும்பி வந்தது. நிறுத்தினாள். குருவி பாடுவதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. அடுத்ததை அடித்தாள். அவள் விசிலடித்து நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

மூடியிருந்த சேலைக்குள் எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. விலக்கியபோது சின்னதுரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, என்ன என்பதுபோல் கையை விரித்தார்.

"நல்லாக் கேட்டுச்சுங்க," என்றேன்.

அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். குருவி இருந்த பாறையைக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு அம்சவள்ளி பக்கம் திரும்பியதும் அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அட, எந்திரிங்க! கால்ல அட்டை ஏறுது!" என்று காதில் கத்தினாள்.

குருவி பறந்துவிட்டது. இந்தத் தடவை சின்னதுரை ஒன்றும் சொல்லவில்லை.