கான்கிரீட் குடிக்கும்

ஊர்ஹோவின் மோட்டார் சைக்கிளுக்கு வெஸ்லி இரண்டாயிரத்து இருநூறு டாலர் தருவதாக விலை கேட்டபோது, ஊர்ஹோவின் சவப்பெட்டி தலைக்கு மேலே, தேவாலயத்தில்தான் இருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஊர்ஹோ, வீட்டைக் கேட்டால்கூட யோசித்துச் சொல்லக்கூடிய மனிதர், வண்டியைக் கேட்டவனுக்குக் கதவைச் சாத்தியவர். வெஸ்லி வியாபாரி, விதவை லெம்பியின் இரண்டு கையிலும் தட்டு இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தான்.

"லெம்பி, பேட்டரிக்கு உயிர் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இருந்தா இன்னொரு நூறு."

"சாவு வீட்டுல கேக்குற கேள்வியா இது?" என்றாள் மகள் சோன்யா.

லெம்பி காதில் வாங்கவில்லை. கல்லறைக் காவலர் ஆர்விலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பீரியர் ஏரிக்கரையில் ஜனவரியில் உறைந்த மண்ணில் கடப்பாரை இறங்காது. செத்தவர்கள் கல்லறையோர அறையில் மே மாதம்வரை காத்திருக்க வேண்டும்.

"ஆர்வில், உன் அறையில தரை என்ன தரை?"

"கான்கிரீட்தான். ஏன்?"

"வெறுந்தரையிலயா வைப்ப?"

"இந்த வருஷம் கூட்டம், லெம்பி. பெட்டி வைக்கிற அடுக்கெல்லாம் நிறைஞ்சுபோச்சு. ஊர்ஹோ கோவிச்சுக்க மாட்டான்."

சோன்யாவுக்குப் புரிந்துவிட்டது. பனி விழத் தொடங்கியதும் அப்பா வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுவருவார். ஒரு பலகைமேல் வைத்துச் சார்ஜரை மாட்டுவார். வெறுந்தரையில் வைத்தால் கான்கிரீட் மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பார். மின்சார நிறுவனத்தில் வேலைபார்க்கும் சோன்யா வருஷா வருஷம் சிரிப்பாள். இப்போதெல்லாம் பேட்டரிக்கு பிளாஸ்டிக் உடம்பு; தரைக்கு அதில் ஒரு சொட்டும் கிடைக்காது.

பெட்டியை அறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், லெம்பி கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்குள் இறங்கினாள். சார்ஜரைப் பிடுங்கினாள். பேட்டரியைத் தரையில் இறக்கிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா ஒண்ணும் பேட்டரி இல்லம்மா."

"தெரியும்டி. பேட்டரின்னா புதுசு வாங்கிடலாமே."

சோன்யா கார்ச் சாவியை எடுத்தாள். புறப்படும் முன், வெஸ்லியின் நச்சரிப்பு தீரட்டும் என்று, பேட்டரியை மீட்டரில் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட். முழு சார்ஜ்.

கல்லறையோர அறையில் விட்ட மூச்சு அப்படியே முகத்துக்கு முன் நின்றது. தரை முழுக்க உறைபனி பூத்திருந்தது. ஆர்வில் முனகிக்கொண்டே பெட்டியின் ஒரு முனையைத் தூக்கினார். அதற்கு அடியில் மட்டும் பனி இல்லை. பெட்டியின் அளவுக்குக் கறுத்த தரை. சோன்யா கையுறையைக் கழற்றித் தொட்டாள்.

இளஞ்சூடு.

"கீழ வெந்நீர்க் குழாய் ஏதும் போகுதா?"

"நல்லா கேட்ட. இங்க ஒரு லைட்டுக்கே வழியக் காணோம்."

லெம்பி மண்டியிட்டுப் பலகையைச் செருகினாள். பலகை குட்டை. "நெஞ்சுக்கு அடியில இருந்தாப் போதும்," என்றாள். "கால் எங்க நடக்கப்போகுது."



மறுநாள் காலையில் சோன்யா நிலவறைக்குள் இறங்கினாள். எதிலும் மாட்டாமல் இரவு முழுக்க வெறுந்தரையில் கிடந்த பேட்டரியில் மீட்டரை வைத்தாள். முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். மேலே அம்மா காப்பிக்குக் கூப்பிட்டாள். சோன்யா பேட்டரியைத் தூக்கினாள். மறுபடி கீழே வைக்க மனம் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேற்று, பன்னிரண்டு புள்ளி ஏழு. இன்று, ஒன்பது புள்ளி ஒன்று. கணக்கில் மூன்று புள்ளி ஆறு பற்று. வாங்கியவர் பெயர் இல்லை.