பாயைத் தொடுவதற்கு முன்

கொக்கோவுக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று எழுந்த பெனினா, கடல் பக்கத்து ஓலைத் தட்டியைச் சுருட்டி மேலே கட்டியபோதுதான் அவர்களைப் பார்த்தாள். வெளிச்சம் சரியாக வந்திருக்கவில்லை. புல்தரையில் இருபது ஆண்கள் சம்மணமிட்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கல், ஒரு விறகுக் கட்டை. மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறோம், எங்களை அடுப்பில் வைத்துச் சுட்டாலும் சரி, உங்கள் இஷ்டம் என்று பொருள். ஒருவர்கூட இருமவில்லை. எல்லோருக்கும் முன்னால், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற மெல்லிய பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு ஆள். முகம் தெரியவேண்டிய அவசியமில்லை. அந்தத் தோள்களைத் தேர்தல் சுவரொட்டியில் பார்க்காதவர்கள் மாவட்டத்திலேயே கிடையாது.

தீப்பெட்டி கையிலேயே இருந்தது.

"யாரு வெளிய?" என்று பாயில் படுத்தபடியே கேட்டான் தாவித்தா, அவள் புருஷன்.

"லெமாயு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். வெளியே எட்டிப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பேப்பரை எங்க வெச்சிருக்கே?"

"தலகாணிக்குக் கீழ."

"கிழிச்சிடு, பெனினா. அவங்க உள்ள வர்றதுக்குள்ள கிழிச்சிடு."

அந்தப் பேப்பர் அவளுடைய வாக்குமூலம். அன்று காலை பத்து மணிக்குத் தலைநகர் ஆப்பியாவில் சட்டமன்றக் குழுவின் முன்னால் அவளே நேரில் போய்க் கொடுக்கவேண்டும். தபாலில் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாவட்டத்தின் உறுப்பினர் லெமாயு சபையில் பொய் சொன்னாரா இல்லையா என்பதுதான் விசாரணை. பொய் என்று முடிவானால் பதவி போய்விடும். சுகாதார நிலையத்தில் இருக்கும் ஒரே நர்ஸ் அவள். அவளைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

லெமாயு வாயைத் திறந்தால் பாலம் முளைக்கும், தார்ச்சாலை ஓடும். அதையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே கேட்டுப் பழகியிருந்தது. ஆனால் இந்த முறை அவர் சொன்னது ஆக்ஸிஜனைப் பற்றி. எங்கள் சுகாதார நிலையத்தில் ராப்பகலாக ஆக்ஸிஜன் இருக்கிறது என்று சபையில் சொன்னார், வானொலியிலும் சொன்னார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு சிலிண்டரை லாரியில் ஏற்றிவந்து இறக்கி, அதன்மேல் கை வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். சிலிண்டர் காலி. திருகு மூடியைத் திறந்ததுமே பெனினாவுக்குத் தெரிந்துவிட்டது. "நிரப்பினது பின்னாடியே வருது, நீ சிரிம்மா" என்றார் லெமாயு. கழுத்தில் பூமாலையோடு அவளும் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

தாவித்தாவின் தங்கை லாங்கிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இழுப்பு வந்த அன்று அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வண்டி கிளம்பியது. அண்ணியிடமே போகலாம் என்று அவள்தான் பாதி வழியில் திருப்பச் சொன்னாள். சுகாதார நிலையத்துக் கட்டிலில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு மூச்சு வாங்கிக்கொண்டு, பெனினாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, "படத்துல நீங்க நின்னீங்களே அண்ணி" என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச மூச்சு இல்லை. அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது.

பின்வீட்டிலிருந்து தாவித்தாவின் பெரியப்பா இயோசெஃபோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நடுத்தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். குடும்பத்தின் தலைவர் அவர்தான். தகப்பன் இல்லாத லாங்கியை வளர்த்தவரும் அவரே. எழுந்துபோய் அந்தப் பாயை அவர் விலக்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரும் லெமாயுவுக்கு எதிராக வாய் திறக்க முடியாது. திறந்தால் ஊர்ச்சபை சும்மா விடாது. போன வருஷம் ஊரைவிட்டு விலக்கிய குடும்பத்தின் வீட்டுத் தூண்கள் கரிக்கட்டையாக இன்னும் நிற்கின்றன, தினமும் வேலைக்குப் போகிற வழியில் அவள் பார்க்கிறாள்.

வெளியே லெமாயுவுக்காகப் பேச வந்திருந்த பேச்சாளர் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். நல்ல பேச்சாளர். கடலையும் மேகத்தையும் கூப்பிட்டார், இரண்டு குடும்பத்துப் பாட்டன்மார்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். "இந்த வீட்டுல விழுந்த துக்கம் எங்க தலையிலயும் விழுந்துச்சு. ஒரே ஒரு நாள், ஆக்ஸிஜன் ஒரே ஒரு நாள் தாமதமாயிடுச்சு. எங்க தலைவர் உங்க காலடியில கெடக்குறாரு" என்றார். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு நாள் தாமதம். அப்படி ஒன்று எங்கே நடந்தது? அந்தச் சிலிண்டர் இன்றைக்கும் காலியாகத்தான் நிற்கிறது, துடைப்பத்தை அதன்மேல்தான் சாய்த்து வைக்கிறார்கள். மன்னிப்புக் கேட்கும்போதுகூடப் பொய்யா? பெரியப்பா எழுந்து படியிறங்கினார். பாயை நோக்கிக் கை நீண்டது.

"மாமா." தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

தாவித்தா அவள் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தான்.

"வாழ வந்த பொண்ணு பேசுற எடமா இது?" என்றார் பேச்சாளர்.

"கேக்கட்டும்" என்றார் பெரியப்பா, திரும்பிப் பார்க்காமல்.

"அவர் எதுக்கு மன்னிப்புக் கேக்குறாரு? சாவுக்கா? இல்ல, சிலிண்டர்ல காத்து இருக்குன்னு சொன்னாரே, அதுக்கா? அது காலின்னு அவருக்குத் தெரியும் மாமா. எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பக்கத்துல நின்னேன்."

தாவித்தாவின் கை துணியிலிருந்து தானாக நழுவியது. இருபது தலைகளில் ஒன்றுகூட நிமிரவில்லை.

"அது சட்டசபை விஷயம், இங்க துக்க விஷயம்" என்று ஆரம்பித்த பேச்சாளரைப் பெரியப்பா கை காட்டி நிறுத்தினார். கொஞ்சம் குனிந்து பாயைப் பார்த்துக் கேட்டார். "லெமாயு. ஒனக்குத் தெரியுமா?"

பாய்க்கு அடியில் இருப்பவர் பேசக்கூடாது என்பது வழக்கம். வழக்கத்துக்காகத்தான் லெமாயு பேசவில்லையா என்று யாரால் சொல்ல முடியும்? பெரியப்பா நின்றார். பிறகு திரும்பிவந்து அதே தூணில் சாய்ந்தார்.

"கொக்கோ வெக்கலையா?" என்றார் பொதுவாக. பின், யாரையும் பார்க்காமல், "நான் இன்னும் பாயைத் தொடல" என்றார்.

கோயில் வளைவில் ஆறரை மணி பஸ்ஸின் ஆரன் கேட்டது. பெனினா தாவித்தாவைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. தலையணைக்குக் கீழிருந்து பேப்பரை எடுத்து மடித்து, நர்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு அதன் பைக்குள் வைத்தாள். திரும்பி வரும்போது பாய் விலகியிருக்கலாம். வீடு இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே பயமாகத்தான் இருந்தது.

சாலைக்குப் போக அந்த ஒரு வழிதான். உட்கார்ந்திருக்கும் ஆண்களைக் கடந்து நிமிர்ந்தபடி நடக்கக்கூடாது. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம், முதுகு தானாக வளைந்தது. கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று முணுமுணுத்தபடி கற்களை நோக்கி நடந்தாள். பாய்க்குப் பக்கத்தில் வந்தபோது அவள் முகம் ஏறக்குறைய அதன் உயரத்தில் இருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது. பாய் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் புத்தி, அவளை அறியாமலே எண்ண ஆரம்பித்துவிட்டாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. சாலையில் பஸ் இரண்டாவது முறை ஆரன் அடித்தது.