பிடித்தால் விடாத தரை

பக்கவாதம் வந்த பிறகு அவளுடைய சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். கடைகண்ணிக்குப் போய்வருவதைக் கணவர் எடுத்துக்கொண்டார். அவளுக்கென்று மிஞ்சியது துணி துவைக்கும் அறை மட்டுமே. வெள்ளைத் துணிகளைத் தனியே பிரித்து, காலரில் சோப்புத் தேய்த்து, இயந்திரம் சுற்றி ஓய்ந்ததும் எடுத்து உதறுவதை முழு இடக்கையாலும் பாதி வலக்கையாலும் அவளே செய்துவந்தாள். அந்த அறையில்தான் சென்ற மாதம் விழுந்தாள்.

மகள் அன்றே தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவை இதுல யாராவது விழுந்தா, ரூமைப் பூட்டிச் சாவிய நான் வெச்சுக்குவேன். துணிய வெளியே போட்டுக்கலாம்."

விழுந்ததன் காரணம் அவளுக்குத் தெரியும். குழாய் கசிந்து பழைய வினைல் விரிப்பின் ஓரம் உப்பி எழும்பியிருந்தது. இழுத்து நடக்கும் வலது கால் அதில் மாட்டிக்கொண்டது. ஆனால், தரையில் தண்ணீரும் கிடந்தது. தண்ணீரைப் பார்த்தவர்கள் வழுக்கிவிட்டதாக முடிவுகட்டினார்கள். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதுத் தரை தேர்ந்தெடுக்க மூவரும் கடைக்குப் போனார்கள். கணவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சகாக்களுக்கு இன்றும் அவர் பிரேக்காரர்தான். வழவழப்பான எதுவும் அவருக்கு ஆகாது. விற்பனையாளர் நீட்டிய பளிங்குத் துண்டைக் கட்டைவிரலால் தடவி முகத்தைச் சுளித்தார்.

"இது தரையா, கண்ணாடியா? இதுல பாத்துத் தலை சீவலாம், நடக்க முடியாது."

"அப்ப இதப் பாருங்க சார்." விற்பனையாளர் சொரசொரப்பான டைல் ஒன்றைக் கீழே வைத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். "லாரியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது. இருபது வருஷத்துக்குத் தேயாது."

பிரேக்காரர் செருப்புக் காலை அதன்மேல் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்தார். கால் நகரவில்லை. ஒரு மாதமாக இறுகிக் கிடந்த முகம் மலர்ந்தது. "பிடிச்சா விடமாட்டேங்குது பாரு."

அவள் பயந்ததும் அதற்குத்தான். "ஏங்க, கொஞ்சம் வழவழன்னே இருக்கட்டுமே. அப்பத்தான் இழுத்தா காலும் கூடவே வரும்."

"வழவழன்னு இருந்துதானே விழுந்தே? நீ சும்மா உக்காரு."

"ஒருதரம் நான் நடந்து பாக்கறேனே."

"ஒத்தக் கல்லுல எப்படிம்மா நடப்பீங்க? நொண்டியடிக்கப் போறீங்களா?" என்று சிரித்த விற்பனையாளர், அவள் காலைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

மகள் கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள். "இவ்வளவு யோசனை எதுக்கும்மா? துணிய வெளியவே போட்டுடலாம்."

அதைக் கேட்டதும் அவள் அந்தச் சொரசொரப்பான டைலுக்கே தலையாட்டினாள்.

தரை பதித்துக் காய்ந்த பின், முதல் நாள், வலது காலை இடுப்பிலிருந்தே தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். வெறுங்கையாக இருக்கும்வரை அது முடிந்தது. ஈரப் படுக்கைவிரிப்பை அணைத்துக்கொண்டு திரும்பியபோது கால் பழைய வழக்கப்படி இழுபட்டது. தரை அதைப் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தின் விளிம்பைப் பற்றியதால் விழாமல் தப்பினாள். கால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்துவிட்டது.

துணியில் பட்ட ரத்தத்தைப் போக்க அவளுக்குத் தெரியும். இந்தக் கல்லிலோ அது சொரசொரப்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவள் தரையில் அமர்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவர் வாசலில் வந்து நின்றார்.

"விழுந்துட்டியா?"

"விழலை. தொடைக்கிறேன்."

அவர் அவளுடைய கால்விரலைப் பார்த்தார். பிறகு தாம் தேர்ந்தெடுத்த தரையைப் பார்த்தார். மெல்லக் குந்தி, அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

"கடையிலயே சொன்னியே."

"சொன்னேன்."

வெளியே மகள் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவர் அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிலுக்கு அழைத்துச் சென்று, காலின்மேல் போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னப்பா ரத்தம்?" மகளின் குரல் கட்டில்வரை கேட்டது.

"நான்தான் விழுந்தேன். வெறுங்காலோட வந்துட்டேன். அம்மா இந்தப் பக்கமே வரலை."

ஓடாத வண்டியை ஓடும் என்று மேலதிகாரிக்காகக்கூடச் சொல்லாத மனிதர் அவர். பொய் தடுமாறாமல் வந்தது.

"உங்க காலுக்கே இந்தக் கதின்னா, அம்மா கால் என்ன ஆகும்?" என்றாள் மகள். "யாரு விழுந்தாலும்னுதானே சொன்னேன்? இனி ரெண்டு பேருமே உள்ள போக வேணாம்."

பூட்டு விழும் ஓசையும் கட்டில்வரை கேட்டது.

இப்போதெல்லாம் துணி பையில் போய்ப் பையில் வருகிறது. ஒரு மாலை, பூட்டிய கதவுக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "டைலை மாத்திடலாமா?"

"யாரு நடக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சட்டைக் காலரில் சலவைக்காரர் குத்தியிருந்த காகிதச் சீட்டை அவள் இடக்கை நகத்தால் பிய்க்கத் தொடங்கினாள்.