மேலே இருக்கும் தண்ணீர்

பையிலிருந்து அவர் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுக்க எடுக்க, அவள் திரும்ப உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு போதும்டி. முதுகு ஒடிஞ்சுடும்.”

“விடியறதுக்குள்ள ஏறினா இருட்டறப்பதான் இறங்கப்போறோம். முகட்டுல சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அதுக்குத்தானே போன வாரமே கொண்டுபோய்ப் பாதி வழியில வெச்சுட்டு வந்தேன்? ரெட்டைப் பாறைக்கு அடியில. பக்கத்துச் செடியில நம்ம குழாய்ல சுத்துற வெள்ளை டேப்பைக் கட்டியிருக்கேன்.”

“எவனாவது எடுத்துக் குடிச்சிருந்தா?”

“ஊருக்கெல்லாம் குழாய் போட்டவன், பெண்டாட்டியத் தவிக்க விடுவேனா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமையலறை ஜன்னலில் பார்த்த மலை. அதன் முதுகில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கப்போகிறாள். நினைத்தாலே சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கத் தோன்றியது. பயமும் இருந்தது.

“நடுவுல முடியலன்னா?”

“நடுவுல இறங்க வழியே இல்ல. ரெண்டு பக்கமும் பள்ளம். உட்காரலாம், அழலாம், என்னைத் திட்டலாம். அப்புறம் எழுந்து நடந்துதான் ஆகணும்” என்றார், ஏதோ விருந்துக்குக் கூப்பிடுகிற குரலில்.

அவர் திரும்பியதும் மூன்றாவது பாட்டிலைத் தன் பையில் துண்டுக்கு அடியில் செருகினாள். நல்ல மனுஷன்தான். ஆனால் குடையை எங்கே வைத்தோம் என்று ஒரு நாளாவது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறதா?

“ஒத்திகை பார்த்துட்டு வரேன்” என்று தன் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவருடைய விசில் சத்தம் மேலே போனது, இறங்கியது, மறுபடி மேலே போனது. பிறகு கேட்கவில்லை.

அவள் போய்ப் பார்த்தபோது பையைக் கழற்றாமலே படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து, மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார்.

மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். அதுவரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சி மகள் ஓய்ந்துபோயிருந்தாள். மூலையில் இருந்த அம்மாவின் பையைக் கண்டதும் அதைப் பிரிக்கப் போனாள்.

“அதை ஏன் பிரிக்கிற?”

“இனிமே யாரும்மா மலைக்குப் போகப்போறா?”

“நான்தான். மேல அப்பா தண்ணி வெச்சிருக்கார்.”

மகள் பையிலிருந்து கையை எடுத்தாள்.

“நீயும் வா. ஷூ மட்டும் நல்லதாப் போட்டுக்க.”

சொல்லிவிட்டு, அவள் பையில் துண்டுக்கு அடியில் கைவிட்டு மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள்.

கனம் சரியாக இருந்தது.